வள்ளமும் கூடாரமும் தூண்டிலும்: வாசகர் கேள்வி – பதில்

நண்பர்கள் சேர்ந்து துடுப்பு வள்ளத்தில் போய், கரையில் கூடாரம் அடித்து, மீன் பிடித்து வருவது பற்றியே இம்முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் பக்கம் முழுவதும் அதற்கே. கனூ என்று இங்கே எழுதுவது மேலே திறந்த, ஒற்றை அலகுத் துடுப்பால் வலிக்கும் வள்ளத்தை. கடற்கரை ஹோட்டல்களில் வாடகைக்கு விடும் கயாக் வேறு. இரண்டு இரவுச் சாமான் அதில் அடங்காது.

கேள்வி: நாங்கள் நான்கு பேர், ஒரே அலுவலகம். போயாவோடு சேர்ந்து வரும் நீண்ட வார இறுதியில், காட்டுப் பக்கமாக ஏதாவது நீர்நிலையில் கனூவில் போய் இரண்டு இரவு தங்க ஆசை. எங்கே, எப்போது போகலாம்? – வாசகர், வெள்ளவத்தை

ஆசையைக் கெடுக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். கொழும்பிலிருந்து சில மணி நேர ஓட்டத்தில், நினைத்த இடத்தில் வள்ளத்தை ஒதுக்கிக் கூடாரம் அடிக்கிற காடு கிடையாது. கரை என்றால் அது வனஜீவராசிகள் திணைக்களத்துடையது, வனத் திணைக்களத்துடையது, தோட்டத்துடையது, இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் தென்னங்காணி. தேசிய பூங்காவுக்குள் ஒதுக்கப்பட்ட முகாமிடத்தில் முற்பதிவு செய்து தங்கலாம். ஆனால் தூண்டிலோடு உள்ளே போக நினைக்காதீர்கள். ஆகவே கரையின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்து அனுமதி வாங்குவதுதான் முதல் வேலை. இடத்தைப் படத்தில் பார்த்துவிட்டு அனுமதியைப் பிறகு பார்க்கலாம் என்று போகிறவர்கள், மாலை ஐந்து மணிக்குக் காவலாளியோடு வாக்குவாதப்பட்டு, இருட்டில் அடுத்த கரையைத் தேடி வலிப்பார்கள். விபத்து நடப்பது அந்த நேரத்தில்தான்.

ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை என்றால் காசல்ரி நீர்த்தேக்கம். அவிசாவளை, கினிகத்தேனை, ஹற்றன், நோர்வூட் வழியாகப் போகவேண்டும். காலையில் தண்ணீர் அசையாது. 1,000 மீற்றருக்கு மேல் உயரம் என்பதால் இரவில் நல்ல குளிர். கரையோரம் தனியார் முகாமிடங்கள் உண்டு. முதல் பயணத்துக்கு அவற்றில் ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டு, பகலில் வெறும் வள்ளத்தில் சுற்றிவிட்டு மாலையில் திரும்புங்கள். சாமான் முழுவதையும் ஏற்றி ஒவ்வோர் இரவும் வேறு கரை என்பதை இரண்டாவது பயணத்துக்கு வையுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்கும் மலையகமும் நனையும், கிழக்கு காய்ந்திருக்கும். மட்டக்களப்பு வாவி அப்போது நல்லது. ஆனால் ஜூன் தொடங்கி ஓகஸ்ட் வரை பிற்பகலில் கச்சான் என்னும் மேற்குக் காற்று எழும்பினால், அகலமான இடங்களில் குறுகிய, நெருக்கமான அலை வரும். திறந்த வள்ளத்துக்கு அது பொல்லாதது. காலை ஆறு மணிக்கு இறங்கி பதினொரு மணிக்குக் கரையேறுகிற மாதிரித் திட்டம் போடுங்கள். கற்பிட்டிக் களப்பில் பாய்ப்பலகைக்காரர்கள் கூடுகிற மாதங்கள் என்றாலே கனூக்காரர் ஒதுங்கவேண்டிய மாதங்கள். மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் காலங்களில் காற்று குறைவு. ஆனால் பிற்பகல் இடி மின்னல் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடி காதில் விழுந்தால் கரைக்கு வரவேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை இறங்கக்கூடாது.

கித்துல்கல சாமான் ஏற்றிய கனூவுக்கான இடமல்ல. அங்கே பாறைக்கு நடுவே ஓடும் வெள்ளம். மேலே நீர்மின் நிலையம் தண்ணீர் விட்டால் மழையே இல்லாமல் ஆறு ஏறும்.

இன்னொன்று. போயா அன்று விகாரை தெரிகிற கரையில் தூண்டில் போடாதீர்கள். ஊராரின் மனத்தாங்கலைச் சம்பாதித்துவிட்டு அதே ஊரில் இரவு தங்குவது கெட்டித்தனமல்ல.

கேள்வி: 16 அடி பிளாஸ்டிக் கனூ ஒன்று நண்பரிடம் இருக்கிறது. 400 கிலோ தாங்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. நாங்கள் மூவரும் சாமானும் அதிலேயே போகலாமா? – வாசகர், தெஹிவளை

போகக்கூடாது. அந்த எண், வள்ளம் மூழ்காமல் மிதக்கிற எல்லை. அது சொன்னபடி கேட்கிற எல்லை வேறு. எழுதியிருக்கும் எடையில் பாதியை ஏற்றினால் நன்றாக ஓடும், மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திவிட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு 70 கிலோப்படி இருவர் 140. கூடாரம், பாய், போர்வை 12. சமையல் சாமான், உணவு 12. குடிதண்ணீர் 20. தூண்டில், கயிறு, முதலுதவி, மாற்றுடை 10. மொத்தம் 194 கிலோ. மூன்றாமவர் ஏறினால் அவருடைய பையோடு 280 தாண்டும். அத்தோடு நடுவில் இருக்கிறவர் இருக்கையில்லாமல் சாமான் மேல் உட்காருவார். பாரம் உயரப்போனால் வள்ளம் கவிழத் தயாராகிவிடும். இருவருக்கு ஒரு வள்ளம், குறைந்தது இரண்டு வள்ளம்: ஒன்று கவிழ்ந்தால் தூக்க மற்றது வேண்டும்.

ஏற்றி முடித்ததும் இரண்டு சோதனை செய்யுங்கள். நடுப்பகுதியில் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே 15 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். பிறகு இருவரும் இருக்கையில் அமர்ந்தபின், உள்ளே ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றுங்கள். அது நடுவில் நின்றால் அல்லது மெல்லப் பின்னால் போனால் சரி. முன்னால் அணியத்துக்கு ஓடினால் மூக்கு ஆழ்ந்திருக்கிறது என்று பொருள். அப்படி வலித்தால் வள்ளம் நேர் நிற்காது. பாரமான பையை ஒரு அடி பின்னுக்குத் தள்ளுங்கள். எதிர்க்காற்றில் மட்டும் அணியத்தைச் சற்றுப் பாரமாக வைக்கலாம். இல்லாவிட்டால் காற்று மூக்கைப் பிடித்துத் திருப்பிவிடும்.

தண்ணீர்க் கான்தான் அதிகப் பாரம். அதைக் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே, வள்ளத்தின் நடுவில், அடித்தளத்தோடு வையுங்கள். துணியும் போர்வையும் இரட்டைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயை முறுக்கி மடித்துக் கட்டி, அதை உரப்பைக்குள் வைத்தால் விலையான நீர்புகாப் பை இல்லாமலே சமாளிக்கலாம். உணவுக்கு, திருகு மூடியும் ரப்பர் வளையமும் உள்ள 30 லீற்றர் பிளாஸ்டிக் பரல் நல்லது. மூடியைத் திருகுமுன் வளையத்தில் ஒட்டியிருக்கும் மணலைத் துடையுங்கள். பரலுக்குள் தண்ணீர் புகுவது பெரும்பாலும் அந்த மணலால்தான். பைகளைச் சட்டத்தோடு ஒரு கொழுவியால் இணைத்தால் போதும். கயிறு சுருள் சுருளாகக் காலடியில் கிடக்கக் கூடாது. கவிழ்ந்தால் அதுதான் காலைப் பிடிக்கும்.

கேள்வி: போல்கொடையில் நானும் தம்பியும் இரண்டு தடவை வலித்துப் பார்த்தோம். வள்ளம் ஒரே பக்கமாக வட்டமடிக்கிறது. இரண்டு பேரும் ஒரே பலம்தான். – வாசகி, மொறட்டுவை

பலத்தில் பிழையில்லை. பின்னால் இருக்கிறவரின் துடுப்பு, வள்ளம் திரும்புகிற மையத்திலிருந்து தூரமாக விழுகிறது. அதனால் அவர் இழுவை முன்னவருடையதைவிட அதிகமாகத் திருப்பும். அவர் வலப்பக்கம் வலித்தால் மூக்கு இடப்பக்கம் போகும்.

பின்னவர் செய்யவேண்டியது இதுதான். துடுப்பை நிமிர்த்தி, மேல்கை தண்ணீருக்கு மேலே வரும்படி பிடித்து, வள்ளத்தின் ஓரத்தோடு ஒட்டி நேராக இழுக்கவும். வளைந்த விளிம்பைப் பின்தொடர்ந்து துடுப்பை வளைத்தால் அதுவே திருப்பும். அலகு இடுப்பைத் தாண்டும்போது மேல்கையின் பெருவிரலைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். அலகின் முகம் வெளிப்பக்கம் பார்க்கும். அந்த நிலையில் ஒரு சிறு தள்ளு, வெளியே. அவ்வளவே. பெருவிரல் மேல்நோக்கித் திரும்பியபடி தள்ளுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதுவும் திருத்தும், ஆனால் ஒவ்வொரு முறையும் வேகத்தைக் கொன்றுவிடும். அரைமணி நேரத்தில் தோள் கெஞ்சும்.

முன்னவரின் வேலை தாளம் பிடிப்பதும், தண்ணீருக்குள் இருக்கிற கட்டையையும் கல்லையும் பார்த்துச் சொல்வதும். அவர் திசை திருத்தப் போனால் இருவரும் எதிரெதிரே திருத்திக்கொண்டிருப்பீர்கள். நீங்களும் தம்பியும் யார் பின்னால் என்பதைக் கரையிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். துடுப்பு, நிறுத்தினால் தாடை உயரம் வரவேண்டும். சாமான் ஏற்றிய வள்ளத்தில் புதியவர்கள் அமைதியான நீரில் மணிக்கு 4 கிலோமீற்றர் போவார்கள் என்று கணக்கு வையுங்கள். எதிர்க்காற்றில் அது பாதியாகும்.

கேள்வி: நால்வருக்கு இரண்டு இரவு. ஐஸ் பெட்டி இல்லை. என்ன, எவ்வளவு கொண்டுபோவது? பிடிக்கிற மீனும் இருக்கும்தானே? – வாசகர், வத்தளை

மீனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிடைத்தால் கறி, கிடைக்காவிட்டால் பருப்பு.

முதல் நாள் மதியத்துக்கு வீட்டுப் பார்சல். அதன்பின் மூன்று நேரச் சோறு, இரண்டு காலை ரொட்டி. சோற்றுக்கு ஒருவருக்கு ஒருவேளை 110 முதல் 125 கிராம் அரிசி, ஆக மொத்தம் ஒன்றரைக் கிலோ. வெள்ளைப் பச்சையரிசி கொண்டுபோங்கள். சிவப்பரிசியும் புழுங்கலும் காஸைக் குடிக்கும். மைசூர்ப் பருப்பு 400 கிராம், கோதுமை மா ஒரு கிலோ, நெத்தலிக் கருவாடு 200 கிராம், சோயா மீற் இரண்டு பக்கெற், தேங்காய்ப்பால் மா 200 கிராம், சீனி அரைக் கிலோ, பால்மா 400 கிராம், தேயிலை. வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய் வாடாது, தக்காளி நசியும். சீனிச் சம்பல் ஒரு போத்தல் வீட்டிலேயே செய்து, எண்ணெய் மேலே நிற்க அடைத்தால் மூன்று நாள் தாராளமாக நிற்கும். தேங்காயும் திருவலையும் வேண்டாம். ரொட்டிக்கு மா, உப்பு, உலர்ந்த தேங்காய்த்துருவல் மூன்றையும் வீட்டிலேயே கலந்து, வேளைக்கு ஒரு பை என்று கட்டினால் காலையில் தண்ணீர் மட்டும் ஊற்றலாம். முட்டை கொண்டுபோக விரும்பினால் அரிசிக்குள் புதைத்து வையுங்கள்.

அரிசியை அரைமணி நேரம் ஊறப்போட்டு, ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் தண்ணீர் விட்டுக் கொதித்ததும் ஐந்து நிமிடம் சிறு தீயில் வைத்து இறக்குங்கள். மூடியைத் திறக்காமல் துவாயால் சுற்றிப் போர்வைக்குள் 20 நிமிடம் வைத்தால் மிச்சத்தைத் தன் சூட்டிலேயே வேகவைத்துக்கொள்ளும். 230 கிராம் காஸ் கான் ஒன்று, காற்றில்லாத இடத்தில், 15 லீற்றர் அளவு தண்ணீரைக் கொதிக்கவைக்கும். உங்களுக்கு இரண்டு போதும். காற்றைத் தடுக்கத் தகரம் வைப்பவர்கள் அடுப்பின் மூன்று பக்கம் மட்டும் மறைக்க வேண்டும். கானோடு சேர்த்து முழுவதும் சுற்றினால் கான் சூடேறி வெடிக்கும்.

தண்ணீர்தான் பெரிய கணக்கு. வெக்கையில் குடிக்க, சமைக்க ஒருவருக்கு நாளுக்கு 4 லீற்றர். நால்வருக்கு இரண்டரை நாளில் 40 லீற்றர், அதாவது 40 கிலோ. களப்பு என்றால் இவ்வளவையும் சுமக்கத்தான் வேண்டும். கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது. நன்னீர் நீர்த்தேக்கத்தில் முதல் நாளுக்கு மட்டும் கொண்டுபோய், மிச்சத்தைத் துணியில் வடித்து, வடிகட்டியில் விட்டு, குளோரின் மாத்திரை போட்டு அரைமணி நேரம் வைக்கலாம். கொதிக்கவைப்பதென்றால் நன்றாகக் கொதித்துப் புரளும் நிலையில் ஒரு நிமிடம் போதும். தோட்டத்து வாய்க்கால் வந்து விழுகிற இடத்தில் மட்டும் அள்ளாதீர்கள். கொழுந்துக்கு அடித்த மருந்தை வடிகட்டியும் நிறுத்தாது, கொதியும் நிறுத்தாது.

கேள்வி: தூண்டில் சாமான் என்ன வாங்கவேண்டும்? கடையில் கேட்டால் கடலுக்குப் போகிற பெரிய தடியைக் காட்டுகிறார்கள். – வாசகர், கொட்டாஞ்சேனை

கனூவில் ஆறரை அடிக்கு மேல் தடி வேண்டாம். இருந்தபடி வீசும்போது நீளத்தடி முன்னாலிருப்பவரின் தொப்பியைத்தான் பிடிக்கும். நடுத்தரத்துக்கும் கீழான வலு, 2500 அளவு சுழல் ரீல் ஒன்று, இது போதும். இரண்டு துண்டாகக் கழற்றக்கூடியது என்றால் பஸ்ஸிலும் கொண்டுபோகலாம்.

நீர்த்தேக்கத்திலும் குளத்திலும் நிச்சயமாக எதிர்பார்க்கக்கூடியது திலாப்பியா. 1950களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. இன்று நன்னீர் மீன்பிடியே அதை நம்பித்தான் இருக்கிறது. அதற்கு 6 இறாத்தல் தங்கூசி (நைலோன் நூல்), 8ஆம் இலக்கத் தூண்டில்முள், முள்ளிலிருந்து ஒரு சாண் மேலே சிறு ஈயக்குண்டு, பென்சில் தடிப்பு மிதவை. மண்புழுவைக் கோத்து நுனி மட்டும் ஆடும்படி விடுங்கள். முழுப்புழுவைத் தொங்கவிட்டால் நுனியைக் கடித்துக்கொண்டு போய்விடும். இரை அடித்தளத்துக்கு ஒரு சாண் மேலே நிற்கிற மாதிரி மிதவையை நகர்த்துங்கள். பாண் நடுவைச் சிறிது மாவோடு பிசைந்தும் போடலாம். மிதவை நடுங்கும்போது இழுக்கவேண்டாம், பக்கவாட்டில் நகரத் தொடங்கும்போது இழுங்கள்.

விரால் வேறு ஆட்டம். தாமரையும் சல்வீனியாவும் மூடிய ஓரங்களில் ரப்பர் தவளையை இலைமேல் இழுக்கவேண்டும். அதற்கு 30 இறாத்தல் பின்னல் நூல் தேவை, தங்கூசி கொடியில் அறுந்துபோகும். விரால் பாய்ந்ததும் உடனே இழுத்தால் தவளை மட்டும் திரும்பி வரும். 'ஒன்று, இரண்டு' எண்ணிவிட்டு இழுங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் கொதித்தது போலத் தெரிந்தால் கீழே தாயும் தகப்பனும் நிற்கின்றன. எதைப் போட்டாலும் கோபத்தில் கடிக்கும். அதைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. விட்டுவிடுங்கள்.

களப்பில் கொடுவா கிடைத்தால் செவுள் மூடியைக் கையால் தொடாதீர்கள். அதன் ஓரம் சவர அலகு. கெளிறும் ஓராவும் முள்ளால் குத்தினால், கை பொறுக்கிற அளவு சுடுநீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருக்கவேண்டும். விஷம் சூட்டில் சிதையும், வலி இறங்கும். ஐஸ் வைப்பது இதற்குப் பயன்படாது.

முடிச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறோம். நல்ல மீன் தப்புவது பெரும்பாலும் அங்கேதான். தங்கூசியை வளையத்தில் விட்டு, தன்மேலேயே ஐந்து சுற்று சுற்றி, நுனியை வளையத்தருகே உள்ள கண்ணில் விட்டு, அதனால் உண்டாகும் பெரிய கண்ணிலும் விட்டு, எச்சிலால் நனைத்து மெல்ல இறுக்குங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் தங்கூசி சுருண்டு, வலுவை இழக்கும். பின்னல் நூலுக்கு இந்த முடிச்சு வழுக்கும். நூலை இரட்டையாக மடித்து வளையத்தில் விட்டு, சாதாரண முடிச்சொன்று தளர்வாகப் போட்டு, மடிப்பின் கண்ணுக்குள்ளால் முள்ளையே நுழைத்து இறுக்குங்கள்.

மவுசாகலை போன்ற இடங்களில் தண்ணீர் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் சுவர்களும் வெளியே தெரியும். தண்ணீர் ஏறியிருக்கும்போது அதே சுவர்தான் உங்கள் முள்ளைப் பிடித்து வைத்திருப்பது. சிக்கினால் தடியை வளைத்து உதறாதீர்கள், தடிதான் முறியும். வள்ளத்தைச் சிக்கிய இடத்தின் மறுபக்கத்துக்கு வலித்துப்போய் எதிர்த்திசையிலிருந்து இழுங்கள். முடியாவிட்டால் நூலை ஒரு தடித்துண்டில் சுற்றி இழுத்து அறுக்கவேண்டும். கையில் சுற்றினால் பின்னல் நூல் விரலை வெட்டும்.

வள்ளத்தில் எழுந்து நின்று வீசக்கூடாது. ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் வீசவேண்டும். முள் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீன் வாயிலிருந்தும், ஆளின் காதிலிருந்தும் இலகுவாக வரும். நங்கூரத்தை அணியத்தில் மட்டும் கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் காற்று தள்ள, விளிம்பு சாய்ந்து தண்ணீர் ஏறும்.

உள்ளூர் மீனவரின் வலைக்கு மேலால் போகாதீர்கள். எங்கே தூண்டில் போடலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். வெடியும் நஞ்சும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும் என்றாலும், யாராவது "ஒன்று போட்டால் போதும்" என்று சொன்னால் அந்த ஆளோடு வள்ளம் ஏறாதீர்கள்.

கேள்வி: முதலை? – வாசகர், பாணந்துறை

உங்கள் ஊர்ப் பக்கமே இருக்கிறது. போல்கொடை, முத்துராஜவெல, பெந்தோட்டை ஆறு ஆகிய இடங்களில் உவர்நீர் முதலை. உலர்வலயக் குளங்களில் சதுப்பு முதலை. குளிர்ந்த மலையகத்தில் இந்தப் பயமில்லை. மற்ற இடங்களில் கூடாரம் தண்ணீரிலிருந்து 50 மீற்றராவது தள்ளி, மேடான இடத்தில் இருக்கட்டும். ஓரத்தில் குந்தியிருந்து மீன் வெட்டுவதும் கோப்பை கழுவுவதும்தான் ஆபத்து. கயிறு கட்டிய வாளியால் அள்ளி, கரையில் ஏறி நின்று கழுவுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் அள்ளாதீர்கள். பிடித்த மீனைக் கயிற்றில் கோத்து வள்ளத்தோரம் தொங்கவிடுவது விருந்துக்கு அழைப்பு அனுப்புவதுதான். இருட்டியபின் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். யானை நடமாடும் குளக்கரையில் கூடாரமே வேண்டாம். அதற்கு முன்னெச்சரிக்கை என்று ஒன்றில்லை. வனஜீவராசிகள் திணைக்கள அவசர எண் 1992.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. நண்பர்கள் உயிர்காப்பு அங்கி இருக்கிறதே, வா என்கிறார்கள். – வாசகர், மருதானை

அங்கி சரியானதாக இருந்தால் அமைதியான நீரில் போகலாம். மிதப்பு விசை 50 நியூட்டன் என்று எழுதியிருப்பது நீச்சல் தெரிந்தவருக்கு. உங்களுக்கு 100. பட்டியை இறுக்கியபின் யாரையாவது தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அங்கி தாடையைத் தாண்டி ஏறினால் அது உங்களுக்குப் பெரிது. புறப்படுமுன் ஒரு நீச்சல்தடாகத்தில் அதை அணிந்து இறங்கி, மல்லாந்து மிதந்து பழகுங்கள். முதல்முறையாக அதில் மிதப்பது ஆழத்தில் விழுந்த பிறகாக இருக்கக்கூடாது. அங்கியைப் பைமேல் விரித்து உட்கார்ந்திருக்கிற நண்பரோடு போகாதீர்கள்.

கேள்வி: நடுவில் கவிழ்ந்தால் என்ன செய்வது? – வாசகி, கொழும்பு 13

வள்ளத்தை விடாதீர்கள். கவிழ்ந்த வள்ளமும் மிதக்கும். கரை கிட்டத் தெரிந்தாலும் நீந்திப்போக நினைப்பதுதான் கொல்கிறது. ஆட்களை எண்ணுங்கள், பிறகு துடுப்பு, கடைசியாகத்தான் சாமான். ஓடும் ஆற்றில் வள்ளத்தின் மேற்பக்கம், தண்ணீர் வரும் பக்கம், நில்லுங்கள். கீழ்ப்பக்கம் நின்றால் பாறைக்கும் அதற்கும் நடுவில் நசிவீர்கள்.

மற்ற வள்ளம் வந்ததும் சாமான் கொழுவியைக் கழற்றி, கவிழ்ந்ததை அதற்குச் செங்குத்தாகக் கொண்டுவாருங்கள். அதன் மூக்கைத் தூக்கி, கவிழ்ந்தபடியே உதவி வள்ளத்தின் இரு விளிம்புக்கும் குறுக்கே இழுத்தால் தண்ணீர் கொட்டிவிடும். அங்கேயே நிமிர்த்தி, திரும்பத் தண்ணீரில் வழுக்கிவிட்டு, இரண்டையும் அருகருகே பிடித்துக்கொள்ளுங்கள். விழுந்தவர் வெளிப்பக்கத்திலிருந்து, கால்களை மீன்வால் போல அடித்து வயிற்றால் ஏறவேண்டும். இதை ஒருநாள் ஆழமில்லாத இடத்தில் செய்து பாருங்கள். இருவரும் பழகியிருந்தால் சில நிமிட வேலைதான்.

கேள்வி: ஓகஸ்டில் ரொறன்ரோவிலுள்ள பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம். அண்ணாமார் அல்கொன்குவின் பூங்காவில் மூன்று நாள் கனூப் பயணம் வைத்திருக்கிறார்கள். இங்கிருந்து போகிற எங்களுக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும்? – வாசகர், பம்பலப்பிட்டி

நீங்கள் கேட்டிருக்கும் பயணம்தான் அசல். 1893இல் ஒதுக்கப்பட்ட அந்தப் பூங்காவில் ஏரிக்கும் ஏரிக்கும் இடையே நடைபாதை இருக்கும். வள்ளத்தைத் தலைக்கு மேல் தூக்கி, சாமானைச் சுமந்து அடுத்த ஏரிக்குப் போகவேண்டும். மஞ்சள் பலகையில் தூரம் மீற்றரில் எழுதியிருக்கும். ஒரே நடையில் முடியாமல் இரண்டு நடை சுமந்தால், திரும்பி வருவதோடு மூன்று மடங்கு நடை: 800 மீற்றர் பாதை 2.4 கிலோமீற்றர் ஆகிவிடும். ஆகவே அண்ணாமார் போட்ட பாதையில் மொத்தச் சுமைநடை நாளுக்கு ஒன்றரைக் கிலோமீற்றரைத் தாண்டுகிறதா என்று முதலில் கேளுங்கள். தாண்டினால் குறைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கனூ 30 கிலோவுக்கு மேல், கெவ்லார் என்னும் இலேசான செயற்கை இழையில் செய்தது 20 கிலோ அளவு. வாடகை கூடினாலும் கெவ்லாரே எடுக்கட்டும். ஆனால் அதைக் கரையில் இழுக்கக்கூடாது. முழங்கால் தண்ணீரில் இறங்கித் தூக்கவேண்டும்.

உட்புற முகாம் அனுமதி ஐந்து மாதத்துக்கு முன்பே திறக்கும். ஓகஸ்ட் வார இறுதிகள் விரைவில் முடிந்துவிடும். செம்மஞ்சள் பலகை உள்ள இடத்தில் மட்டுமே கூடாரம், ஓரிடத்தில் 9 பேர் வரை. உட்பகுதிக்குத் தகர டின்னும் போத்தலும் கொண்டுபோகத் தடை என்பதால் டின்மீன் யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். கனடாச் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் அங்கி, வள்ளத்துக்கு 15 மீற்றர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்கும் பாத்திரம், விசில் வேண்டும்.

மீன்பிடி உரிமம் உங்களுக்கும் தனியே வேண்டும். வெளிநாட்டவருக்கு ஒருநாள், 8 நாள் உரிமங்கள் உண்டு. உயிர்மீனை இரையாக வைத்திருப்பதே அங்கு குற்றம். ஓகஸ்டில் ட்ரௌட் வகைகள் குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடும். ஓரத்துப் பாறையருகே சின்னவாய் பாஸ் மீன்தான் உங்கள் இலக்கு. அதிகாலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் கடிக்கும். உங்கள் முட்களை விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், காஸ் கானை எந்தப் பையிலும் வைக்காதீர்கள்.

கரடி உண்டு, கறுப்புக் கரடி. வாசனைதான் அதை அழைக்கும்: பற்பசையிலிருந்து பிஸ்கற் வரை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, இரவில் நிலத்திலிருந்து 4 மீற்றருக்குக் குறையாமல், மரத்தண்டிலிருந்து 2 மீற்றர் தள்ளிக் கயிற்றில் தொங்கவிடவேண்டும். கருவாட்டை அந்தக் காட்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றி நாம் மேலும் சொல்லத் தேவையில்லை. கருஈத் தொல்லை ஜூனோடு குறையும், ஓகஸ்டில் நுளம்பும் சமாளிக்கக்கூடியது. ஆனால் மாதக் கடைசியில் இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கலாம். கொழும்பிலிருந்து பருத்தி உடை மட்டும் கொண்டுபோனால் நனைந்ததும் காயாது. கம்பளியோ செயற்கை நூலோ ஒரு செற் தனியாக, படுக்க மட்டும், நனையாமல் வைத்திருங்கள். ஒபியோங்கோ ஏரி வழியாகப் போவதென்றால் அதன் அகலத்தைக் காலையிலேயே கடக்கவேண்டும். பிற்பகல் காற்றில் அங்கே கரையோரமாகப் போவதுதான் வழி.

கேள்வி: பயணம் போய் வந்து பத்து நாளில் மகனுக்குக் காய்ச்சல், கால் தசை வலி. தண்ணீரில் நின்றதால் வந்த தடிமன் என்கிறார்கள். – வாசகி, கிராண்ட்பாஸ்

இதை வாசிக்கும்போதே டொக்டரிடம் போங்கள். எலிக்காய்ச்சல் கிருமி, தேங்கிய நீரிலிருந்து தோலின் சிறு வெட்டுக்களால் புகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில், சிலருக்கு ஒரு மாதம் வரை தாமதித்தும் காய்ச்சல் காட்டும். கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் இருந்தால் ஒருநாளும் தாமதிக்கக்கூடாது. டெங்குவும் இப்படியே தொடங்கும் என்பதால் பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை கொடுக்காதீர்கள். எந்தத் தண்ணீரில், எந்தத் திகதியில் நின்றார், காலில் வெட்டு இருந்ததா என்பதை டொக்டர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். நடக்கவே முடியாவிட்டால் 1990க்கு அழையுங்கள். இனிப் போகிறவர்கள், வெட்டுக்காயத்தை நீர்புகாப் பிளாஸ்டரால் மூடி, செருப்பில்லாமல் சேற்றில் இறங்காமல் இருக்கட்டும். நெல்வயல் பக்கத்து நீரில் நாள்கணக்கில் நிற்பதென்றால் முன்கூட்டியே எடுக்கும் டொக்சிசைக்ளின் மாத்திரை பற்றி உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம்.